மேவிஸின் மைக்கூடு

1

ஒரு மைக்கூட்டை நான் விளிம்பு வரை நிரப்பித் தொலைத்ததால் வந்த கதை இது. நிரப்பியபோது எனக்குப் பத்து வயது. எழுத உட்காரும்போது எழுபத்தொன்று. இடையில் சும்மா இருக்கவில்லை. முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் முயற்சி: "1951 பிப்ரவரியில், யார்க்ஷயரின் பனி படர்ந்த ஒரு காலைப் பொழுதில்—"

(வேண்டாம். அன்று பனி இல்லை, வெறும் சேறு.)

இரண்டாம் முயற்சி: "போர் முடிந்து ஆறு ஆண்டுகளாகியும் மிட்டாய்க்குக்கூட ரேஷன் கூப்பன் கேட்ட அந்தக் காலத்தில்—"

(என் வயதுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மிட்டாயே சாப்பிடாதவன்கூட.)

2

சரி, நேராகவே சொல்கிறேன். வகுப்பில் நான்தான் மை ஊற்றும் பையன். பொடியைத் தண்ணீரில் கரைத்து, நீள மூக்குக் கேனில் எடுத்துக்கொண்டு, மேசை மேசையாகப் போய்ப் பீங்கான் கூடுகளில் ஊற்றுவேன். இவ்வளவு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

"பாதிக் கூடு, நார்மன். அதுக்கு மேல ஒரு சொட்டுகூட கூடாது" என்பார் மிஸ் த்வெயிட்.

தேறியவர்களை மட்டும் மேற்படிப்புக்கு எடுக்கும் கிராமர் ஸ்கூலுக்கான தேர்வு நாளன்று முப்பத்தேழு பேருக்குப் பாதிதான் ஊற்றினேன். மேவிஸ் ஓல்டுராய்டுக்கு மட்டும் விளிம்பு வரை.

(ஏன் என்று கேட்பவர்கள் பத்து வயதில் யாரையும் பார்த்து வழிந்ததில்லை போலும்.)

கணக்குத் தேர்வு முடியக் கால் மணி இருந்தபோது அவள் முழங்கால் மேசையில் இடித்தது. மை தாள் முழுக்கப் பரவியது.

நான் தேறினேன். அவள் தேறவில்லை.

தேறினால் சைக்கிள் என்று அப்பா சொல்லியிருந்தார், வாங்கியும் கொடுத்தார். ஓல்டுராய்டு வீட்டு வாசலைக் கடக்கும்போது மணி அடிக்காமல் ஓட்டினேன். நான் லத்தீன் படித்தேன். அதில் பேச இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. அவள் பதினைந்து வயதில் கம்பளி ஆலைக்குப் போய், நெசவில் விட்டுப்போன இழைகளைக் கோக்க உட்கார்ந்தாள்.

3

முடிவு அ: "எனக்குத் தசமமே வராதுடா, மை என்ன பண்ணும்?" என்று மேவிஸ் சிரிக்கிறாள்.

(எனக்கு மிகவும் பிடித்த முடிவு. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால், அந்த வருடம் முழுக்க என் தசமக் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தது அவள்தான்.)

முடிவு ஆ: மேவிஸ் அந்த ஆலையையே விலைக்கு வாங்கி—

(இல்லை. வாங்கவில்லை.)

உண்மையான முடிவு அவளிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அவள் கல்யாணத்தில் கேட்டபோது, "ஹாம் சாண்ட்விச் தீர்ந்துடும், போய் எடுத்துக்கோ" என்றாள். பஸ் நிறுத்தத்தில் கேட்டபோது பஸ் வந்துவிட்டது.

4

நேற்று தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மேவிஸ், ஒரு கதை எழுதுறேன்."

"உனக்கு வேற வேலை இல்லையா, நார்மன்? ஓவன்ல கேக் இருக்கு, சட்டுனு சொல்லு."

"அன்னைக்கு அந்த மை கொட்டலைன்னா, நீ பாஸ் பண்ணியிருப்பியா?"

"அட ஆண்டவா! இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழுவுறே?"

"உனக்குக் குறையக் கூடாதுன்னுதான் ஊத்தினேன்."

"தெரியும். கிளாஸ் மொத்தத்துக்கும் தெரியும். த்வெயிட் டீச்சருக்கும் தெரியும்."

"பாஸ் பண்ணியிருப்பியா, மாட்டியா?"

மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. (இந்த இடத்தில் நான் வேறொரு பதிலை எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

"பண்ணியிருப்பேன், நார்மன். எல்லாக் கணக்கையும் போட்டு முடிச்சிருந்தேன். டீச்சர் வேற தாள் குடுத்தாங்க. மறுபடி எழுதுறேன், எழுதுறேன், அஞ்சாவது கணக்குல மணி அடிச்சிட்டாங்க. உன் மேல பதினேழு வயசு வரைக்கும் கோவம் இருந்துச்சு. அப்புறம் அதுக்கு நேரம் கிடைக்கலை. ஆனா பண்ணியிருப்பேன்."