கையால் அள்ளிய மண்

நுஹ்மானின் வலது காதிலிருந்து மண் கரைந்து வந்துகொண்டே இருந்தது. மக்கீன் தம்பியின் தலையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தான். மையத்தைக் குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் லெப்பை இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். பலகையில் சிவப்பாக வழிந்தது.

பல்லேகமவுக்கு அப்பால், பாழடைந்த பழைய விகாரையைத் தோண்டும் இடத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை. அறுபத்துமூன்றாம் ஆண்டில் தோண்டத் தொடங்கியதிலிருந்து ஓட்டுத்துண்டுகள்தான் கிடைத்துவந்தன. நேற்று முற்பகல் ஒரு கல் புத்தரின் தோள் தெரிந்தது. சுற்றியிருந்த மண்ணை எடுக்க நுஹ்மான் குழிக்குள் இறங்கியபோது, மழையில் ஊறிய பக்கச்சுவர் சரிந்தது.

மக்கீன்தான் முதலில் மண்வெட்டியோடு குதித்தான். வெட்ட வேண்டாம், உடைந்துவிடும், கையால் அள்ளுங்கள் என்று மேலே நின்ற மேற்பார்வை மாத்தயா கத்தினார். மக்கீன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். எல்லோரும் கையால் அள்ளினார்கள். கொஞ்ச நேரம் அடியிலிருந்து நுஹ்மானின் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வெட்டியிருந்தால் தம்பியின் தலையில் பட்டிருக்கலாம். மாத்தயா அதைத்தான் நினைத்தாரோ என்னவோ. ஆனால் மனிதனை யாரும் உடைந்துவிடும் என்று சொல்வதில்லை.

மரண விசாரணை முடிந்து மையத்து வீடு வந்து சேர்ந்ததே இன்று காலையில்தான். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து உள்ளே கிடத்தினார்கள். நுஹ்மானின் மனைவி றாபியா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உம்மா மகனின் நெற்றியைத் தடவிவிட்டு மக்கீனை நிமிர்ந்து பார்த்தார்.

"மகன், தம்பி ஒன்னயக் கூப்பிட்டானா?"

"இல்ல உம்மா. மண்ணு விழுந்த ஒடனேயே மவுத்தாயிட்டான்."

"சத்தமே கேக்கலையா?"

"கேக்கல."

றாபியா தலையைத் தூக்கினாள். நேற்றுச் சோறு கொண்டுவந்து, மண்ணை அள்ளும்போது குழியோரத்தில் நின்றவள் அவள். மக்கீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்து மையவாடிக்குப் போகும் வழியில் லொறி ஒன்று எதிரே வந்தது. வைக்கோலுக்குள் சிலையைக் கிடத்தி நூதனசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒடுக்கமான பாதை. சாரதி ஓரங்கட்டி நிறுத்தினான். மாத்தயா இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வைக்கோலுக்கு வெளியே புத்தரின் முகம் மூக்குக்கூடச் சிதையாமல் முழுதாக இருந்தது.

சந்தூக்குக்குத் தோள் மாற்ற ஆட்கள் வந்தார்கள். மக்கீன் கொடுக்கவில்லை. லொறியைக் கடந்து ஏற்றத்தில் நடந்தான்.