வெயிலுக்கு வந்த முகம்

இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷத்தில்தான் பெர்லினுக்கு முகத்தில் மங்கு விழுந்தது. கண்ணுக்குக் கீழே கருந்திட்டாகத் தொடங்கி இரண்டு கன்னத்திலும் பரவி, மேலுதட்டின் மேல் ஒரு தீற்றலாக நின்றது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர் வேலை அவளுக்கு. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஏரலுக்குப் போய், அங்கே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாழைத்தோட்டங்களைச் சுற்ற வேண்டும். கண்ணாடி பார்க்க நேரம் ஏது?

மற்றவர்களுக்கு நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். "என்ன பிள்ள, முகம் இப்படிக் கருத்துப் போச்சு?" மாமியார் கிரேஸ் தன் பங்குக்கு எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்ததில் தோல் எரிந்ததுதான் மிச்சம்.

கணவன் மெர்வினின் அக்கா பிரிஸில்லா வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்தி வந்தாள். நல்ல கைராசிக்காரி என்று பெயர். ஒருநாள் பெர்லினைக் கூப்பிட்டு ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் கையில் வைத்தாள். டப்பாவின் மேல் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

"ராத்திரி படுக்கும்போது பூசு. எதுல செஞ்சதுன்னு கேக்காத. முகம் பேசும்" என்றாள்.

முகம் பேசத்தான் செய்தது. ஒரு மாதத்துக்குள் மங்கு போன இடம் தெரியவில்லை. கோயிலில் தாடையைப் பிடித்தவர்களே கன்னத்தைக் கிள்ளினார்கள். பெர்லினுக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? டப்பா தீர்ந்தால் அடுத்த டப்பா வந்தது.

பிறகு முகம் வேறு மாதிரி பேசத் தொடங்கியது. வெயிலில் இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிந்தது. பரு கிளம்பியது. தாடையோரம் பூனைமுடி அடர்ந்தது. பயந்துபோய் களிம்பை நிறுத்தினாள். உடனே முகம் வீங்கி, மங்கு முன்னைவிடக் கருப்பாகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினால் அடங்கியது. பூசவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஏரலுக்குக் கிழக்கே சுடலைமணி அண்ணாச்சியின் வாழைத்தோட்டத்தில் ஒருநாள் நோய் பார்க்கப் போனவள், வெயில் தாங்காமல் பம்புசெட் தொட்டியில் முகத்தை முக்கிக்கொண்டு நின்றாள்.

"மேடம், முகம் வெந்துல்லா கெடக்கு. டாக்டர்ட்ட போங்க. எலையை நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார் சுடலைமணி.

அன்று சாயங்காலமே பாளையங்கோட்டையில் தோல் மருத்துவர் ஷம்ஸியாவிடம் போனாள். டாக்டர் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து முகத்தைப் பார்த்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னல்லாம் இருக்குன்னு சோதிச்சாத்தான் முழுசாச் சொல்ல முடியும். ஆனா உங்க தோலே சொல்லுதே, ஸ்டீராய்டு இருக்கு. மொதல்ல வெளுப்பாக்கும், பெறகு தோலைத் தாள் மாதிரி மெலிசாக்கிடும். இந்த மாதிரி பேரில்லாத டப்பாக்கள்ல பாதரசம் கலந்ததும் உண்டு. அது சிறுநீரகத்தையே கெடுக்கும்."

"அப்போ மங்கு?"

"மங்கு தொத்தாது, உசுருக்கும் ஒண்ணும் செய்யாது. கர்ப்பம், சில மாத்திரை, குடும்ப வாகு, எல்லாத்துக்கும் மேல வெயில். இதுகளால வாரது. மொதல்ல இந்தக் களிம்பை நிறுத்தி, எரிச்சலை ஆத்தணும். அதுவரைக்கும் வேற எந்தக் களிம்பும் பூசக்கூடாது. பெறகுதான் மங்குக்கு மருந்து. வெளிய போகும்போது சன்ஸ்கிரீன் பூசுங்க, வேர்த்துப் போச்சுன்னா மறுபடியும் பூசுங்க. அகலமான தொப்பி போடுங்க. எலுமிச்சம்பழம், தேய்க்கிறது, உரிக்கிறது ஒண்ணும் வேண்டாம்."

"முழுசாப் போயிருமா டாக்டர்?"

"கொஞ்சம் கொஞ்சமா நெறம் மங்கும். வெயில் காலத்துல திரும்பி எட்டிப் பாக்கும். போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில் பெர்லினுக்குப் பிடித்திருந்தது. ஒரு வருஷமாக அவள் முகத்தைப் பற்றி யாரும் உண்மை பேசியிருக்கவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் கொடுமையாக இருந்தன. டாக்டர் சொன்னபடி களிம்பை விட்டதும் முகம் சிவந்து, தோல் உரிந்து, கண்ணாடியில் இருப்பது யாரோ என்று தோன்றியது. "டவுன் ஆபீசுக்கு மாத்தல் எழுதிக் குடுத்துட்டு நிழல்ல உக்காரேன்" என்றான் மெர்வின். அவன் அக்கறையில்தான் சொன்னான்.

"முகத்துக்குப் பயந்து வேலையை விடணுமா? வெயில் எனக்கு மட்டுமா அடிக்குது? தொப்பி வாங்கித் தாங்க, போதும்."

வாங்கித் தந்தான். ஆற்றங்கரை டீக்கடையில் அந்தத் தொப்பியைப் பார்த்து, "ஏலே, தொரைசாணி வாராவே" என்று ஒருவன் சிரித்தான். பெர்லின் ஸ்கூட்டரை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "ஆமா, தொரைசாணிதான். உங்க தோப்பு வாடல் நோயைத் தொரைசாணிதான் பாக்கணும். வாரீங்களா, போகட்டுமா?" அவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

அந்தச் சமயத்தில் மெர்வினின் தம்பி ஜெய்சனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், பெயர் ஷைனி. நல்ல கருப்பு, நல்ல களை. ஒரு ஞாயிறு மதியம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க அம்மாவோடு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தபோது பிரிஸில்லா பையிலிருந்து அதே வெள்ளை டப்பாவை எடுத்தாள்.

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கு. இதைப் பூசு. மேடையில யாரு பொண்ணுன்னு ஜெய்சனே கேப்பான் பாரு."

ஷைனியின் அம்மா ஆசையோடு கை நீட்டினாள். பெர்லின் எழுந்து போய் நடுவில் நின்றாள்.

"அதை வாங்காதீங்க."

"ஏட்டி, நீ சும்மா இரி" என்றாள் பிரிஸில்லா.

"சும்மா இருந்துதான் இப்படி ஆச்சு மைனி." பெர்லின் ஷைனியின் முன்னால் குனிந்தாள். "நல்லாப் பாரு. இந்தச் செவப்பு, இந்த நரம்பு, இந்த முடி எல்லாம் அந்த டப்பா தந்தது. எனக்கு மங்குதான் இருந்துச்சு. உனக்கு அதுவும் இல்ல. நீ பொறந்த நெறத்துக்கு எதுக்கு மருந்து?"

கிரேஸ், "வந்த எடத்துல இதென்ன பேச்சு" என்று முணுமுணுத்தார். ஷைனி டப்பாவைப் பிரிஸில்லாவின் கையிலிருந்து வாங்கி முக்காலியில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் மைனி" என்றாள் பிரிஸில்லாவிடம். "அவரு பொண்ணு பாக்க வரும்போது நான் பவுடர்கூடப் போடல."

பிரிஸில்லாவின் முகம் இறுகியது. "என் தொழில்ல மண்ணள்ளிப் போடுதியா?"

"நாளைக்கும் இதை வித்தீங்கன்னா மருந்து ஆய்வாளருக்கு எழுதிக் குடுப்பேன். சொல்லிட்டுத்தான் செய்யுதேன்."

பிரிஸில்லா விற்றாள். பெர்லின் எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு இரண்டுபட்டது. மெர்வின் பல நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. "சொந்த வீட்டுக்கே போலீஸ் வேல பாத்தவ" என்று கல்யாணத்தில் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். பெர்லின் ஒப்பனை இல்லாத முகத்தோடு மணப்பெண்ணுக்கு அருகே நின்றாள். போட்டோக்காரர், "மேடம், கொஞ்சம் பவுடர்?" என்று கேட்டார். "எடுங்க தம்பி, முகம் இதுதான்" என்றாள்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் பிரிஸில்லா வந்தாள். காலை நேரம், பெர்லின் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவளின் முகத்தைத் துப்பட்டா மூடியிருந்தது. விலக்கியபோது பெர்லினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீங்கிய கன்னம், நீர் கோத்த கொப்புளம்.

"நானும் அதைத்தான் பூசிட்டு இருந்தேன். பல வருஷமா" என்றாள் பிரிஸில்லா. "டப்பா, சரக்கு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனாங்களா, பூச ஒண்ணும் இல்ல. எரியுதுட்டி." பிறகு குரலை நிமிர்த்தினாள். "நீ செஞ்சதை நான் மன்னிக்கல. அதைத் தெரிஞ்சுக்கோ."

"மன்னிக்க வேண்டாம் மைனி. திரும்பவும் செய்ய வேண்டியிருந்தா செய்வேன். வாங்க, டாக்டர்ட்ட போவோம்."

அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். சாலைச் சந்திப்பு நெரிசலில் ஆட்டோ நின்று வெயில் உள்ளே விழுந்தபோது பெர்லின் குடையை விரித்து அவள் பக்கம் சாய்த்தாள். பிரிஸில்லா விலகவில்லை.

ஷம்ஸியா டாக்டர், "என்ன பூசுனீங்க?" என்று கேட்டார். பிரிஸில்லா துப்பட்டாவை முழுசாக எடுத்து மடியில் வைத்தாள்.

"கடைக் களிம்பு ரெண்டு மூணு வாங்கி நானே கலக்குவேன் டாக்டர்" என்றாள். "என்னென்னன்னு சொல்லுதேன், எழுதிக்கோங்க. என்கிட்ட வாங்குன பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரேன். அவங்களையும் பாக்கணும்."