அண்ணன் கொடுத்த கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தொம்மலூரில் தங்கை ஷோபாவின் வீட்டுக்கு கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த அருண்குமார், ஸ்குரூ டிரைவர் கொண்டுவரவில்லை. மூன்று நிறத்தில் மார்க்கர் பேனாவும் ஒட்டுச் சீட்டுக் கட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அவர் ஒரு மென்பொருள் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட். அங்கே லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் ஒரு வைஸ் பிரசிடென்ட் மேல் படும் என்பது வேறு விஷயம்.

அந்த கம்ப்யூட்டர் அவர் தங்கைக்குக் கொடுத்தது. அதனால் அதற்குத் தலைவலி வந்தாலும் அவர்தான் வைத்தியர்.

"கம்ப்யூட்டர் அதுவா ஆஃப் ஆயிடுதுண்ணா" என்றாள் ஷோபா.

"பிரச்சினைய அப்புறம் சொல்லு. முதல்ல ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் சொல்லு."

"கம்ப்யூட்டர் அதுவா ஆஃப் ஆயிடுது."

"குட்" என்று சொல்லி அதை எழுதிக்கொண்டார். சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது.

ஷோபாவுக்கு நான்கு மணிக்குக் குரல் தேர்வு. பள்ளிக்கூட வரவேற்பறையில் "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்த குரல் அவளுடையது. ஒலிப்புத்தகம் போடும் கம்பெனி ஒன்று அதைக் கேட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நிறுத்தாமல் ஒரு கதையை நேரலையில் வாசிக்க வேண்டும். அவர்களுடைய மென்பொருள் போனில் ஓடாது. வீட்டு கம்ப்யூட்டரோ, கால் மணி நேரம் ஓடியதும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. பாதியில் அறுந்தால் தேர்வு அவ்வளவுதான். இன்னொரு தேதி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

"உங்க லேப்டாப்ப இன்னிக்கு ஒரு நாள் குடுங்களேன் மச்சான்" என்றான் ஷோபாவின் கணவன் ரகு.

"அது ஆபீஸ் லேப்டாப் ரகு. அதுல ஒரு கால்குலேட்டர் போடணும்னாலும் மூணு பேர் அப்ரூவ் பண்ணணும்."

"நீங்கதான் வைஸ் பிரசிடென்டாச்சே?"

"அதனாலதான் மூணு. மத்தவங்களுக்கு அஞ்சு."

பிறகு விசாரணை தொடங்கியது. ஏன், ஏன், என்று குடைந்துகொண்டே போனால் அடி ஆழத்தில் உண்மை உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய ஆபீஸ் வேதம்.

"ஏன் ஆஃப் ஆகுது?"

"தெரியலண்ணா."

"ஏன் தெரியல?"

"தெரிஞ்சா உன்ன ஏன் கூப்பிடறேன்?"

"என்னைய நீ கேள்வி கேக்காதே, ஃப்ளோ போயிடும். எப்பலேருந்து இப்படி?"

"ஆயுத பூஜைக்கு அப்புறம்தான்."

"பூஜையெல்லாம் விடு. டேட்டாவா சொல்லு."

சோதனைக்கு அவளை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். கால் மணி நேரத்தில் திரை கறுத்தது. "பாத்தியா! மறுபடியும் வந்துடுச்சு!" என்று அருண்குமார் கைதட்டினார், தானே வரவழைத்தது போல. ஃபிரிட்ஜில் இன்னொரு சீட்டு. இதற்குள் பால் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கதவு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மூன்று மணிக்குத் தீர்ப்பு வந்தது. "வோல்டேஜா இருக்கலாம். வைரஸா இருக்கலாம். ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம். திங்கக்கிழமை என் டீம்கிட்ட பேசறேன். டெஸ்ட்ட அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லு."

ஷோபாவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. "ஸ்வல்ப சும்னிருண்ணா" என்று கன்னடத்தில் அவர் வாயை அடக்கிவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். பிளக்கைப் பிடுங்கியவள், எழும்போது கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை ஊன்றினாள்.

"அப்பா! தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது!"

"தொடாதே, அது ஹார்ட்வேர்!"

அவள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பெட்டியின் தலையில், காற்றுப் போக வைத்திருந்த சல்லடைக் கண்கள் ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஏதோ செருகியிருந்தது. ஒன்றை உருவினாள். காய்ந்த செண்டுப்பூக் காம்பு. பக்கவாட்டு ஓட்டைகளின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் இன்னொரு சுற்று சந்தனம், காரை பூசியது போல.

ஷோபாவும் ரகுவும் அருண்குமாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான்" என்றான் ரகு மெதுவாக, "அன்னிக்கு, பூ வச்சா நிக்க மாட்டேங்குது, இதுல அழகா ஓட்டை ஓட்டையா குடுத்திருக்கான்னு சொல்லி ஒண்ணொண்ணா செருகினது நீங்கதானே..."

"டிசைன் வைஸ் அது கரெக்டான முடிவு" என்றார் அருண்குமார். "ஃபோட்டோவுக்கு எவ்வளவு லைக் வந்துச்சு தெரியுமா?"

"ரூட் காஸ் கிடைச்சிடுச்சு ஷோபா" என்றான் ரகு. "இஸ்திரி போட்ட சட்டையில நிக்குது."

ஷோபா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு பியாட்ரிஸ் ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து ஷோபா காம்புகளைப் பிடுங்கினாள். ரகு சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தான். "சாமிக்கு வச்சது, கால் படாத இடத்துல போடுங்க" என்று அருண்குமார் மட்டும் மேற்பார்வை பார்த்தார். பக்கப் பலகையைக் கழற்றினால், உள்ளே மின்விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே இதழ்கள் சிக்கிக் கிடந்தன. எட்டியதை எடுத்தார்கள். எல்லாம் எட்டவில்லை.

"போட்டுத்தான் பாப்போமே" என்று ஷோபா பிளக்கைச் செருகிச் சுவிட்சைத் தட்டினாள்.

விசிறி ஒருமுறை முனகியது. பிறகு ஒரே மூச்சில் சுழன்று, மிச்சமிருந்த செண்டுப்பூ இதழ்களை எல்லாம் அள்ளி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வைஸ் பிரசிடென்ட் தலையில் கொட்டியது. எந்தக் கல்யாண வீட்டு வாசலிலும் அவருக்கு இவ்வளவு நல்ல வரவேற்பு கிடைத்ததில்லை.

நான்கு மணிக்குத் திரையில் வீணா என்ற பெண் தோன்றி "ஆரம்பிங்க மேடம்" என்றாள். கதையில் ஒரு ஜோசியர், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் வேறு வேறு முகூர்த்தம் குறித்துக் கொடுத்துவிட்டார். ஷோபா ஜோசியராகத் திக்கினாள், சம்பந்தியாக உறுமினாள். கால் மணி நேரம் கடந்தபோது ரகு கண்ணை மூடிக்கொண்டான். திரை கறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கம்ப்யூட்டரையே மறந்துபோனான்.

"போதும் மேடம், நேரம் ஆயிடுச்சு" என்றாள் வீணா. "அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்கு வந்துடுங்க. உங்க குரல் எங்களுக்கு வேணும்."

ஷோபா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, காதோரம் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டிய முகம் ஒன்று திரைக்குள் எட்டிப் பார்த்தது.

"எக்ஸ்க்யூஸ் மீ. அந்த ஜோசியர் மாட்டினாரா, இல்லையா?"

"எங்கண்ணன்" என்றாள் ஷோபா, கூசிப்போய்.

வீணா தன் பக்கத்தில் யாரையோ திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்தும் ஏதோ குரல் வந்தது.

"இங்கயும் அதான் கேக்கறாங்க மேடம். வாசிங்க."

ஷோபா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.