வால்டர் சாரின் விளக்கக் கடிதம்

சாந்தோம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வால்டர் சார் கணக்கு வாத்தியார். ஆனால் அவருடைய புகழ் கணக்கால் வந்ததல்ல, பிட் பிடிப்பதால் வந்தது. தேர்வு அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். சட்டைக் கைமடிப்பு, ஷூவின் உள்பக்கம், எதுவும் அவரிடமிருந்து தப்பாது. பிடிபட்டவனை அடிக்க மாட்டார். கோடு போட்ட தாளை நீட்டி, "செஞ்சத உன் கையாலயே எழுது" என்பார். அந்த விளக்கக் கடிதத்துக்குப் பயந்தே பாதிப் பையன்கள் ஒழுங்காகப் படித்தார்கள். மற்றபடி எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எந்தக் கேள்வியையும் சும்மா விடாத. தெரியலன்னாலும் எதையாவது எழுது."

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு வெள்ளிக்கிழமை கேள்வித்தாள் முன்கூட்டியே வந்து சேர்ந்தது.

கொடுத்தவள் மந்தைவெளி ப்ளே ஸ்கூல் டீச்சர் சான்ட்ரா. வால்டரின் மகன் ஃபிரெட்ரிக் அங்கேதான் போகிறான். மூன்று வயது.

"சார், பேர் சொல்லிக் கூப்பிட்டா அவன் திரும்ப மாட்டேங்கிறான். மத்த பசங்க காக்காவக் கண்டா மிஸ் மிஸ்னு கைய நீட்டிக் காட்டுறாங்க. இவன் எதையும் காட்டுறதில்ல. கார் பொம்மையக் கவுத்துப் போட்டு சக்கரத்த மட்டும் சுத்திக்கிட்டே இருக்கான். ஆட்டிசமா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். சீக்கிரம் பாத்துட்டா அவனுக்குத்தான் நல்லது."

அடையாறில் ஒரு மையத்தில் பத்து நாள் கழித்து நேரமும் வாங்கி வைத்திருந்தாள். அதற்கு முன் வீட்டில் நடப்பதை உள்ளபடியே நிரப்பச் சொல்லி ஒரு படிவம் தந்தாள்.

வால்டர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து படிவத்தைப் பிரித்த பிறகுதான் மூச்சு வந்தது. இருபதே கேள்விகள். ஆம், இல்லை, அவ்வளவுதான். ஆண்டுத் தேர்வில் கோட்டை விட்டவர்களைப் பத்தே நாளில் கரையேற்றியவர் அவர்.

"மர்சி, எல்லாம் ஈசி கொஸ்டின். பய பாஸ் பண்ணிடுவான்."

"என்னங்க, இது பாஸ் பண்றதுக்கா குடுத்தாங்க?" என்றாள் மனைவி மர்சலின். அதற்குள் அவர் கால அட்டவணைக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

காலையில் பெயர் கூப்பிடுதல், மாலையில் டாட்டா காட்டுதல், குளித்த பிறகு விரல் நீட்டி ஃபேனைக் காட்டுதல். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம், அதே வரிசை, அதே இடம். சரியாகச் செய்தால் ஒரு சீரக மிட்டாய். ஃபிரெட்ரிக்குக்கு மிட்டாய் இருந்த பிளாஸ்டிக் டப்பா குலுங்கும் சத்தம் உயிர். முதலில் டப்பாவைக் குலுக்கி, கூடவே பெயரைச் சொன்னார். ஏழாம் நாள் பையன் சட்டென்று திரும்பினான். வால்டர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மர்சலின் மட்டும் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் இருபது கேள்விக்கும் அவர் முன்பே சரியான விடையை எழுதியிருந்தார்.

அடையாறில் டாக்டர் இஃப்ரா சின்னப் பெண், பொறுமைசாலி. படிவத்தைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, "ஃபிரெட்ரிக்" என்று கூப்பிட்டாள். வால்டரின் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. டப்பா லேசாகக் குலுங்கியது. பையன் திரும்பினான். பதினாறு வருடம் பிட் பிடித்தவர் பாக்கெட்டிலேயே பிட்!

"நீங்க எழுதுனது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். அதுக்குள்ள சந்தேகம் வந்தா உடனே வாங்க" என்றாள் டாக்டர். வால்டர் காதில் முதல் வாக்கியம் மட்டுமே விழுந்தது.

பாஸ் ஆன பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுக்க மறுநாளே தி.நகர் போனார்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஒரு நொடி கை நழுவியது. பையனைக் காணோம்.

"ஃபிரெட்ரிக்!"

நாற்பது பேர் அறையை ஒரே அதட்டலில் அடக்கும் குரல் அது. தெருவே திரும்பியது. "இன்னா சார், புள்ளையத் தொலச்சிட்டியா?" என்று ஒரு வியாபாரி எட்டிப் பார்த்தார். பத்தடி தள்ளி, காற்றாடி விற்பவர் பக்கத்தில், சுழலும் காற்றாடிகளைப் பார்த்தபடி சிவப்புச் சட்டையில் நின்றான் ஃபிரெட்ரிக். அவன் மட்டும் திரும்பவில்லை. வால்டர் மறுபடி கத்தினார். ம்ஹூம்.

மர்சலின் அவர் பாக்கெட்டில் கையை விட்டு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். அந்த இரைச்சலிலும் பையன் திரும்பினான். நேராக வந்து உள்ளங்கையை நீட்டினான்.

"இப்பவாவது தெரியுதா, உங்க புள்ள பேரு என்னன்னு?" என்றாள். கண்ணீர் அவள் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வால்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை அப்பனே தட்டிவிட்டிருக்கிறான்.

மறுநாள் மூவரும் அடையாறுக்குப் போனார்கள். வால்டர் டப்பாவை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் கோடு போட்ட தாள் ஒன்றையும் வைத்தார். செய்ததைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். தேதி, கையெழுத்து எல்லாம் முறையாக இருந்தன.

டாக்டர் படித்தாள். சிரிக்கவில்லை.

"எத்தன நாள் சொல்லிக்குடுத்தீங்க?"

"பத்து நாள்."

"தெனமுமா? அதே நேரத்துலயா?"

"ஒரு வேளகூடத் தவறல."

"சார், இப்படித் தெனம் புள்ளையோட உக்காருங்கன்னு சொல்லி, அதுக்குப் பேரண்ட்ஸ சம்மதிக்க வைக்கவே எங்களுக்கு ஆறு மாசம் ஆகும். நீங்க தப்பான எடத்துல சரியான வேலையச் செஞ்சிருக்கீங்க." புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள். "இனி டப்பாவுக்கு இல்ல, உங்களுக்குத் திரும்பட்டும். அதுக்கு என்ன செய்யணும்னு நான் சொல்றேன். மொதல்ல உண்மைய எழுதுங்க."

வால்டர் எழுதினார். முதல் 'இல்லை' எழுத ஐந்து நிமிடம் பிடித்தது. அதற்கப்புறம் கை ஓடியது. பதினெட்டாவது கேள்வி: 'தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுவானா?' இல்லை என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் டப்பா குலுங்கியது. வால்டர் திரும்பினார்.

ஃபிரெட்ரிக் மேஜையிலிருந்து அதை எடுத்து வந்திருந்தான். மூடியைத் திறந்து, பச்சை மிட்டாய் ஒன்றைப் பொறுக்கி, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பினால் ஒரு மிட்டாய். அப்பா திரும்பினார், கொடுத்துவிட்டான்.

"டாக்டர், இதுக்கு ஆமான்னு போடறதா, இல்லன்னு போடறதா?" வால்டர் மிட்டாயை நீட்டிக் காட்டினார்.

"எனக்கும் தெரியல சார். இப்போதைக்கு அத அப்படியே விடுங்க."

வால்டர் சார் அந்தக் கேள்வியை அப்படியே விட்டார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். டப்பா மறுபடியும் குலுங்கியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.