நிமிர்ந்து உட்காருங்க

கரியில் ஓடும் பஸ் அன்றைக்கும் காரிமங்கலத்துக்கு ஒரு மைல் முன்னாலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்பக்கத்து அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்க, ஜானகியம்மாள் குடையை விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடையாது. தர்மபுரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை இந்த பஸ்ஸை நம்பித்தான் அவள் பியானோ சொல்லிக்கொடுக்க வந்துபோனாள். அன்று சந்தை நாள் வேறு. கொள்ளும் ராகியும் ஏற்றிப்போன வண்டிகள் கிளப்பிய புழுதி புடவையெல்லாம் படிந்தது. நடக்க நடக்க அவளுக்கு எரிச்சல்தான் ஏறியது. பஸ்மேல் பாதி, தீர்த்தம்மாள்மேல் பாதி.

தீர்த்தம்மாள் மாரியப்பனின் மருமகள். இருபது வயது, பாப்பாரப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நிலமும் கடலை எண்ணெய் மில்லும் வைத்திருந்த மாரியப்பன், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்தப் பியானோவை எடுத்தார். இரண்டு கட்டைகள் அழுத்தினால் அழுந்தினபடியே கிடக்கும். மற்றவை வெயிலில் சுருதி கலைந்திருந்தன. மாசி மாதம் ஒரு துரையும் துரைசாணியும் அவர் வீட்டுக்குத் தேநீருக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் மருமகள் புத்தகத்தைப் பார்த்து ஒரு இங்கிலீஷ் மெட்டு வாசித்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

ஏழு வாரம் ஆகியும் அவள் முதல் வரியைத் தாண்டவில்லை.

ஜானகியம்மாள் சேலத்தில் படித்த காலத்தில் அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரம்மாள், தப்பு வந்தால் ரூல் தடியால் விரல் கணுவில் போடுவாள். கூடப் படித்த ஒரு பெண் அந்த அடிக்குப் பயந்தே பாதியில் நின்றுவிட்டாள். தான் சொல்லிக்கொடுக்க வந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுப்பது, கை ஓங்குவதில்லை என்று ஜானகியம்மாள் அப்போதே உறுதி எடுத்திருந்தாள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான கணவரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

அன்று பாடம் தொடங்கியதும் தீர்த்தம்மாள் வழக்கம்போல் முன்னால் கவிழ்ந்தாள். ஜானகியம்மாள் வழக்கம்போல் அவள் முதுகில் கை வைத்து நிமிர்த்தினாள். முதுகு நிமிர்ந்தால்தான் தோள் இளகும், தோள் இளகினால்தான் விரல் ஓடும் என்பது அவள் கற்ற பாடம். நிமிர்ந்த உடனே தீர்த்தம்மாளின் விரல்கள் தடுமாறின. திரும்பவும் கவிழ்ந்தாள். திரும்பவும் நிமிர்த்தினாள். புத்தகத்தில் மேலே ஏறும் இடத்தில் தீர்த்தம்மாளின் கை கீழே இறங்கியது. ஐந்தாவது தடவையும் அதே இடம், அதே தப்பு.

"நிமிர்ந்து உட்காருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்ற ஜானகியம்மாள், கையில் இருந்த பென்சிலால் அவள் விரல்மேல் சுள்ளென்று போட்டுவிட்டாள்.

போட்ட பிறகுதான் போட்டது தெரிந்தது. தீர்த்தம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. விரலில் எழுந்த சிவப்புக் கோட்டைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் பார்த்த விதம் ஜானகியம்மாளை என்னவோ செய்தது.

"புத்தகத்துல இருக்கற அந்தப் புள்ளியெல்லாம் உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள்.

தீர்த்தம்மாள் வாசல் பக்கம் திரும்பி, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். "நிமிர்ந்து உக்காந்தா வெள்ளைக் காகிதந்தான் தெரியுதுங்க டீச்சரம்மா. கிட்டப் போனாத்தான் புள்ளி. கிட்டப் போனா நீங்க வுடமாட்டேங்கறீங்க."

சின்ன வயதிலிருந்தே கண் அப்படித்தான் என்றும், பெண் பார்க்க வந்தபோது வீட்டார் அதை மறைத்துவிட்டார்கள் என்றும், இந்த வீட்டில் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

ஜானகியம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஏழு வாரத்தில் "புரியுதா?" என்பதைத் தவிர அந்தப் பெண்ணிடம் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் முதுகையும் விரலையும்தான் பார்த்திருக்கிறாள். புத்தகத்தை எடுத்து மூடி வைத்தாள்.

அதற்குப் பிறகு பாடம் வேறு விதமாக நடந்தது. ஜானகியம்மாள் நாலு ஸ்வரம் வாசித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். தீர்த்தம்மாள் கண்ணை மூடி, வாய்க்குள் முனகி, கட்டைகளைத் தடவித் தேடுவாள். தப்பினால் அவளாகவே முகம் சுளிப்பாள். ஜானகியம்மாள் குறுக்கே போகமாட்டாள். அது சுலபமாக இல்லை. சரியான கட்டைக்கு ஒரு விரல் தள்ளி அவள் தடவிக்கொண்டிருக்கும்போது அந்த விரலைப் பிடித்துச் சரியாக வைத்துவிடலாம்போல் கை துறுதுறுக்கும். மடியில் கையைக் கோத்து வைத்துக்கொள்வாள். தாளக் கணக்கு மட்டும் தீர்த்தம்மாளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்கட்டில் ஓடும் மில் இன்ஜின் சத்தத்தோடு அவளாகவே அதைப் பொருத்திக்கொண்டாள். எழாத கட்டைகள் வரும் இடத்தில் மெட்டையே சற்று வளைத்து வேறு வழியாகக் கொண்டுபோனாள். அது புத்தகத்தில் இருந்ததைவிட ஜானகியம்மாளுக்குப் பிடித்திருந்தது. மூன்று வாரத்தில் மெட்டு முழுசாக வந்துவிட்டது.

துரைசாணி வந்த அன்று புத்தகம் வேண்டாம் என்று ஜானகியம்மாள் மாரியப்பனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. புத்தகம் இல்லாமல் வாசித்தால் ஏதோ கேள்வி ஞானத்தில் தட்டுகிறாள் என்று நினைப்பார்கள், படித்த மருமகள் என்று தெரியவேண்டாமா என்றார். புத்தகத்தை அவரே விரித்து வைத்தார்.

தீர்த்தம்மாள் நன்றாகவே வாசித்தாள். துரை தலையாட்டினார். துரைசாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து புத்தகத்தில் இரண்டு பக்கம் புரட்டி, தனக்குப் பிடித்த ஒரு பாட்டைக் காட்டி அதையும் வாசிக்கும்படி சைகை செய்தாள். மூலையில் நின்றிருந்த ஜானகியம்மாள், நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் ஆகட்டும் என்று இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மாரியப்பன் அவளைப் பேச விடவில்லை. "வாசிம்மா" என்றார்.

தீர்த்தம்மாள் மெல்லக் குனிந்தாள். மூக்கு காகிதத்தில் படும் அளவுக்குக் குனிந்தாள். கூடம் முழுக்க அதைப் பார்த்தது.

"நேரா உக்காரும்மா" என்றார் மாரியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நேரா உக்காந்தா எனக்குத் தெரியாதுங்க மாமா. பொறந்ததுல இருந்தே கண்ணு இப்படித்தாங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

விருந்தாளிகள் போகும்வரை மாரியப்பன் சிரித்த முகமாகவே இருந்தார். போன பிறகு மருமகளை ஒன்றும் சொல்லவில்லை. நேரே ஜானகியம்மாளிடம் வந்து, தெரிந்தும் மறைத்தாயா என்று கேட்டார். மறைத்தேன் என்றாள். மேற்கொண்டு சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. அவர் நிற்கவில்லை. பியானோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசி பஸ்ஸில் தர்மபுரி போய்ச் சேரும்வரை ஜானகியம்மாள் அந்தச் சொல்லாத பேச்சையெல்லாம் மனசுக்குள் அவரிடம் பேசிக்கொண்டே போனாள்.

தீர்த்தம்மாளைத் திருப்பி அனுப்பவில்லை. அவள் கணவன் காளியப்பன் அதிகம் பேசாதவன். அப்பாவிடம் சொல்லாமலே அவளைச் சேலம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டு அழைத்து வந்தான். பியானோவை மாரியப்பன் யாருக்கோ விற்றுவிட்டார். பாப்பாரப்பட்டிச் சம்பந்திகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இதெல்லாம் ஜானகியம்மாளுக்குத் தெரிந்தது, சித்திரையில் இருவரும் அவள் வீட்டுக்கு வந்தபோதுதான். காளியப்பன் ஒரு ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றித் தோளில் தூக்கி வந்திருந்தான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் தீர்த்தம்மாளின் கண்கள் சிறுத்துத் தெரிந்தன. உட்கார்ந்ததும் முதலில் அவள் கேட்டது, "நீங்க ஏன் மொத நாளே என்னைக் கேக்கலீங்க?" என்றுதான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

ஆர்மோனியத்தைப் பிரித்து வைத்தார்கள். ஒரு கை துருத்தி போட்டாக வேண்டும். இரண்டு கைக்கும் பழகியிருந்த மெட்டில் பாதி காணாமல் போயிற்று. இரண்டு தடவை முயன்றுவிட்டு, தீர்த்தம்மாள் துருத்தியைப் படாரென்று சாத்தினாள்.

"இது என்னாங்க, அரைப் பாட்டாத்தான் வருது" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் கோபப்பட்டு ஜானகியம்மாள் பார்த்ததே இல்லை.

அவள் கோபம் தணியட்டும் என்று ஜானகியம்மாள் காத்திருந்தாள். பிறகு, "எந்தப் பாதி இல்லாமப் போனது உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு? அதைப் பாடிக் காட்டுங்க" என்றாள்.