மாவு பிசையும் வகுப்பு

தையல்காரருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் சந்தேகம் விழுந்து ஒரு வாரம் ஆகிறது. நாலு வயது மகள் தினமும் நகக்கண்ணில் நீலமும் சிவப்பும் அப்பிக்கொண்டு வந்தாள். “இன்னிக்கு என்னம்மா படிச்சே?” என்று கேட்டால், “மாவு பிசைஞ்சேன்” என்பாள். டீச்சர் பொழுதை ஓட்டுகிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று கடையைப் பூட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றார்.

நினைத்தபடியே டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வண்ண மாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள். விடுவிடுவென்று உள்ளே நுழைந்தார்.

“இதுல என்ன டீச்சர் படிப்பு?”

“விரலுக்குப் பலம் வந்தாத்தான் சார் பென்சில் நிக்கும்.”

சாக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தார். அப்போதுதான் மகளின் மேசை கண்ணில் பட்டது. வட்டமாகத் தட்டிய மாவின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி, அளந்து வைத்ததுபோல் மடிப்பு பிடித்திருந்தாள்.

“யாரு பண்ணிக் கொடுத்தா?” அவர் பார்வை டீச்சர் மேல் பாய்ந்தது.

“நான்தான்ப்பா. கவுன். இடுப்புதான் சரியா வரல.”

சொன்னவள் அதை அப்படியே நசுக்கி, உருட்டி, மறுபடி தட்ட ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு கோடு கோணினாலே காகிதத்தைக் கிழித்து ஊரைக் கூட்டுகிற பெண், இங்கே முகம்கூடச் சுளிக்கவில்லை.

தையல்காரர் குட்டி நாற்காலியில் உடம்பை மடக்கி உட்கார்ந்து, ஓர் உருண்டை மாவைக் கேட்டு வாங்கினார். இன்னும் முழுசாக நம்பவில்லை. தானே செய்து பார்த்துவிட நினைத்து, மகளைப் போலவே மாவைத் தட்டி ஓரத்தில் மடிப்பு பிடித்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். “கோணலா இருக்குப்பா. பரவால்ல, நசுக்கிட்டு மறுபடி பண்ணு.”