எடு என்றால் எதை?

டீச்சருக்குக் கணவரின் முகத்தைவிடக் கால்கள்தான் அதிகப் பழக்கம். விடுமுறை நாள் வந்தால் போதும், அந்த இரண்டு கால்களும் வாசலில் நிற்கும் பழைய வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். "டீ வேணுமா?" என்று கேட்டால் வலது கால் ஆடும். "சாப்பிட வரீங்களா?" என்று கேட்டால் எதுவும் ஆடாது. ஒரு குடும்பம் நடத்த இவ்வளவு பேச்சு போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டீச்சருக்குப் போதவில்லை.

கணவர் தையல்காரர். கடையில் அவர் கை பட்ட துணி சொன்ன பேச்சைக் கேட்கும். வேன் கேட்காது. அதனாலேயே அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. மகாராணி என்று பெயர்கூட வைத்திருந்தார். வாங்கிய அன்று, "உன்ன ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன் பாரு" என்று டீச்சரிடம் சொன்னார். இதுவரை மகாராணி சுற்றிக் காட்டியது பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தை மட்டும்தான், அதுவும் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளியபோது.

குடியிருப்பதோ அடுக்குமாடியின் தரைத்தளம். ஷெட்டு, கொட்டகை என்று எதுவும் கிடையாது. மகாராணி தெருவோரத்தில் நிற்பாள், வெயிலோ மழையோ அங்கேயேதான் வைத்தியம். அவளுக்கு எஞ்சின் பின்பக்கம் என்பதால், பின்னால் ஒரு கூரை வேண்டும் என்று தையல்காரர் செத்துப்போன குடைகளையெல்லாம் சேர்த்துத் துணியை உரித்துத் தைத்துவிட்டார். ஒரு முனை வேனின் தலையில், மறுமுனை விளக்குக் கம்பத்தில். கறுப்பு, சிவப்பு, பூப்போட்டது, புள்ளி போட்டது என்று பார்க்கத் திருவிழாவாக இருக்கும். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மழை தையலைப் பார்த்தா பெய்கிறது? அது பக்கவாட்டில் வந்து எஞ்சினை நனைத்துவிட்டுப் போகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. தையல்காரர் பேசும்போது பெயர்ச்சொல்லை விழுங்கிவிடுவார். எடு, போடு, பிடி, விடு. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியதால் வந்த வினை, வினைச்சொல்லாகவே வந்தது. டீச்சரோ பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவள். எதை எடுக்க, எதைப் போட என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் கேட்பதை விட்டுவிட்டாள். இடம் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்வாள். சாப்பாட்டு மேஜையில் 'எடு' என்றால் தண்ணீர். தூங்கப் போகும்போது 'போடு' என்றால் ஃபேன். கோடிட்ட இடத்தை நிரப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

எல்லாம் ஒரு காலை நேரம் வரைக்கும்தான். அன்றைக்கு டீச்சர் தூக்கக் கலக்கத்தோடு அடுப்படிக்கு வந்தாள். பால் காய்ச்சும் பாத்திரத்தில் நாலு ஸ்பார்க் பிளக் வறுபட்டுக்கொண்டிருந்தது. தையல்காரர் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சிருச்சு" என்றார்.

"எதுங்க, பாலா?"

"ம்?"

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. சுற்றி வளைக்காமல் போட்டாள் ஒரு போடு. "வர்ற ஞாயித்துக்கிழமை காயலான்கடைக்காரரை லாரியோட வரச் சொல்லப் போறேன். அவர் வர்ற நேரத்துல வண்டி ஓடுச்சுன்னா, நான் இனிமே வாயே திறக்கமாட்டேன். ஓடலைன்னா கட்டி இழுத்துட்டுப் போயிருவார். சம்மதமா?"

"ம்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"ம்."

உண்மையைச் சொன்னால் டீச்சருக்கு மகாராணியோடு ஒரு பகையும் இல்லை. அவளுக்கு வேண்டியது அவளுடைய புருஷன். ஞாயிற்றுக்கிழமையாவது முழு ஆளாக, தலையோடு சேர்த்து வேண்டும். அதற்கு வண்டி போய்த்தான் ஆக வேண்டும் என்றால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடவே ஊரில் இல்லாத மழையும் வந்தது. தையல்காரர் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் அளவுநாடாவோடு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். ஒரு வயரைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்தது நனைந்தது. டீச்சர் ஜன்னலுக்கு உள்ளே கல்லுமாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் முடிவு செய்திருந்தாள். ஆனால் மனிதர் தும்மினார். ஒரு தும்மல் என்றால் பரவாயில்லை, சரமாரியாகத் தும்மினார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உக்காரு" என்றார் அவர். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவிங் படித்துப் பாஸ் பண்ணி வாங்கிய லைசென்ஸ், ஓடுகிற வண்டி இல்லாததால் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது.

"திருப்பு." சாவியைத் திருப்பினாள்.

"மிதி." மிதித்தாள்.

மகாராணி இருமினாள். கனைத்தாள். பிறகு தெருவே அதிர, வயிற்றிலிருந்து உறுமத் தொடங்கினாள். டீச்சர் கண்ணாடியில் பார்த்தாள். வேனுக்குப் பின்னால் கரி அப்பிய ஒரு முகம், காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. பந்தயத்தில் தோற்கப்போகிறோமே என்று ஒரு கணம் அவளுக்கு முகம் சுண்டியது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் பிடிபடவில்லை.

இதற்குள் குடைத்துணிக் கூரையின் நடுவில் தண்ணீர் தேங்கி, நிறைமாத வயிறாகத் தொங்கியது. அடியில் திறந்த எஞ்சின். கொட்டினால் எல்லாம் போச்சு. தையல்காரர் இரண்டு கையாலும் தலையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார். பக்கத்துச் சுவரில் ஒட்டடைக் குச்சி சாய்ந்திருந்தது. அதை எடுத்து முட்டுக்கொடுத்தால் போதும். கைதான் இல்லை.

"எடு" என்று கத்தினார். "சீக்கிரம் எடு."

அதே நொடியில் டீச்சர் கண்ணாடியில் பார்த்தாள். தெருமுனையில் காயலான்கடை லாரி திரும்பிக்கொண்டிருந்தது. கோடிட்ட இடத்தை நிரப்ப அவளுக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. எஞ்சின் ஓடுகிறது, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள், 'எடு' என்றால் வேறு எதை? கியரைப் போட்டாள். வண்டியை எடுத்தாள்.

லாரியை வரச் சொன்னதே தான்தான் என்பது பத்தடி போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பின்னால் கூரையைக் கம்பத்தில் கட்டியிருந்த கயிறு அறுந்தது. தேங்கிய தண்ணீர் மொத்தமும் தையல்காரர் தலையில் இறங்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கழுத்தில் நாடா இருந்தும் அளக்க நேரமில்லாமல் அவர் ஓடினார். போகிற போக்கில் ஒட்டடைக் குச்சியையும் எடுத்துக்கொண்டு ஓடினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. கூரை மகாராணியின் தலையிலிருந்து கொடியாகப் பறந்தது.

"விடு, விடு" என்று கத்தினார். காலை எடு என்று அர்த்தம். வேகமாக விடச் சொல்கிறார் என்று டீச்சர் இன்னும் அழுத்தி மிதித்தாள்.

"ஏத்து" என்று அலறினார். நல்லவேளை, இது சரியாகப் புரிந்தது. கொஞ்சம் மெதுவாக விட்டு, பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். முதலில் ஒட்டடைக் குச்சி உள்ளே வந்தது, பின்னாலேயே அவர்.

"எதை எடுக்கச் சொன்னீங்க?" என்றாள்.

"குச்சிய."

"அத வாய்விட்டுச் சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே முன்னிருக்கைக்குத் தாவினார். "நிறுத்திராத. நின்னா கெளம்பாது."

பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் வந்ததும் காயலான்கடைக்காரர் தலையை வெளியே நீட்டினார். "தங்கச்சி, நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"ஆமாண்ணே. ஆனா இப்ப நிக்க முடியாதுண்ணே."

"எங்க போறீங்க?"

"தெரியலண்ணே."

ரவுண்டானா வந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று அவள் யோசிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிட்டது. சரி என்று இன்னொரு சுற்று. லாரியும் விடாமல் பின்னால் சுற்றியது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவர்கள் முதலில் முறைத்தார்கள், அடுத்த சுற்றில் சிரித்தார்கள், அதற்கடுத்த சுற்றில் கை காட்டினார்கள். தையல்காரர் மகாராஜா மாதிரி பதிலுக்குக் கை காட்டினார், குச்சியோடு. அவர் மூக்கிலிருந்து மழைத்தண்ணீர் கரியோடு சொட்டியது. அந்த முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. டீச்சருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்க, ஸ்டியரிங்மேல் சாய்ந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கால் நழுவியது.

மகாராணி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

காயலான்கடைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் சங்கிலியோடு வந்தார். "நின்னுடுச்சே தங்கச்சி. கட்டட்டுமா?"

நியாயப்படி பார்த்தால் லாரி வந்த நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தது தையல்காரர்தான். அவர் அதைச் சொல்லுவார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவர் கரி படிந்த கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அண்ணன் இந்த வண்டியக் கட்டிட்டுப் போகட்டும்" என்றார். "இனிமே ஞாயித்துக்கிழமைய நான் உனக்குக் குடுக்கறேன்."

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சிவப்பு மையில் வட்டம் போட ஒரு இடமில்லை.  இத்தனை நாள் டீச்சர் கேட்டது இதைத்தான். கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: வண்டியைக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் ஒரு முழு ஆள் உட்கார்ந்திருப்பார், தலையும் இருக்கும், இந்தச் சிரிப்பு இருக்காது. அது அவளுக்கு வேண்டாம். இந்த மனுஷன்தான் வேண்டும், கரியோடு வேண்டும்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சுடிதார் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள்.

"சங்கிலி வேணாண்ணே" என்றாள். "உங்க லாரியத் திருப்பி, ரிவர்ஸ்ல வந்து எங்க எஞ்சினை ஒட்டி நிறுத்துங்க. பின்னால இருக்கிற தார்ப்பாயை இப்படி இழுத்துவிட்டா சாரல் அடிக்காது."

காயலான்கடைக்காரர் சாக்குக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார், கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தார். "நான் வண்டிய உடைக்கிறவன்மா."

"இன்னிக்கு ஒரு நாள் கூரையா இருங்கண்ணே."

 அவர் சங்கிலியை லாரிக்குள் வீசிவிட்டு ஏறினார். "பின்னால தெரியாது, யாராவது பாத்துச் சொல்லுங்க" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். டீச்சர் நடுரோட்டில் மழையில் போய் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, "வரலாண்ணே, வரலாம், இன்னும் வரலாம்" என்று கத்தினாள்.